வீட்டுக்கு ஒரு காத்தாடி வாங்கலாமா? ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு மதிப்பீடு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ வீடு, மொட்டைமாடியில் கரண்டு எடுக்கும் ஒரு சின்னக் காத்தாடி, அதாவது சின்னக் காற்றாலை வைத்துக் கரண்டு பில்லைக் குறைக்கலாம் என்று எண்ணம் என்றால், வேண்டாம். அந்தப் பணத்துக்குச் சோலார் போடுங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் திறந்தவெளியாக நிலம் கிடந்து, நாற்பது அடி டவர் நட்ட இடமும், வருஷத்துக்கு இரண்டு தடவை அதைச் சாய்த்துப் பராமரிக்கப் பொறுமையும் இருந்தால் யோசிக்கலாம். ஒரு லட்சத்துக்கு மேல் போகிற காரியம் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நான் முப்பந்தலில் பெரிய காற்றாலை மெஷின்களில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். ஏணி ஏறி நாசெல்லுக்குள், அதாவது டவர் உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் கூண்டுக்குள் போய் கிரீஸ் அடித்திருக்கிறேன், போல்ட் இறுக்கம் பார்த்திருக்கிறேன், சீசனில் மெஷின் டிரிப் ஆனால் ராத்திரி என்று பாராமல் ஓடியிருக்கிறேன். அதனால் சொந்தபந்தத்தில் யார் காத்தாடி பற்றிப் பேச்செடுத்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். ஆன்லைனில் சின்னக் காத்தாடி விளம்பரங்கள் வரத் தொடங்கிய பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: "நம்ம ஊர்ல இல்லாத காத்தா? முப்பந்தல்ல அத்தனை மெஷின் ஓடுகே, நம்ம வீட்டுல ஒண்ணு ஓடாதா?"

இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் வேண்டும். அதற்காக இரண்டு காத்தாடிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒன்று என் அண்ணன் மகன் தோவாளையைத் தாண்டி அவன் பிச்சித் தோட்டத்தில் நட்டது. இன்னொன்று என் மனைவியின் தம்பி நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் வீட்டு மொட்டைமாடியில் வைத்தது. இரண்டும் வேறு வேறு கம்பெனி. பெயர் எழுதவில்லை. நான் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இந்த வகைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துபவை.

மொட்டைமாடிக் காத்தாடியைப் பற்றி முதலில் சொல்கிறேன். அது செங்குத்தாக நின்று சுற்றும் வகை. திருகின மாதிரி மூன்று தகடுகள், பார்க்க அழகாக இருக்கும். ஒரு மீட்டர் அகலம், ஒண்ணேகால் மீட்டர் உயரம் வரும். பெட்டியில் 600 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. "எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் சுற்றும், சத்தம் வராது, குறைந்த காற்றிலும் ஓடும்" என்று விளம்பரம். திசை பற்றிச் சொன்னது உண்மைதான். வால் தேவையில்லை, திரும்பத் தேவையில்லை. மற்றதை நம்பி வாங்கியதில்தான் சிக்கல்.

"அத்தான், நல்லாத்தான் சுத்துகு. ஆனா பேட்டரி ஏறவே மாட்டேங்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று அவர் கூப்பிட்டதும் போனேன். சாயங்காலம், சுகமான காற்று. மாடியில் துணி ஆடிக்கொண்டிருக்கிறது. காத்தாடியும் சுற்றுகிறது. பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் டிஸ்பிளேயைப் பார்த்தால் 4 வாட்ஸ், 6 வாட்ஸ், சில நேரம் பூஜ்யம். கையில் கொண்டுபோன காற்றுமானியைப் பிடித்துப் பார்த்தேன். விநாடிக்கு 2 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் நடுவில் ஊசலாடியது. கட்டிலைப் போட்டுப் படுத்தால் உடனே தூக்கம் வரும் காற்று அது. ஆனால் நம் உடம்புக்குச் சுகமாக இருக்கும் காற்றில் மின்சாரம் எடுக்க ஒன்றுமே கிடையாது. இதை மனசில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் தீர்ந்துவிடும்.

கணக்கு இப்படி. காற்றில் இருக்கும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்று. அந்தச் செங்குத்து மெஷின் மறிக்கும் பரப்பு சுமார் 1.2 சதுர மீட்டர். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அந்தப் பரப்பு வழியாகப் போகும் மொத்தக் காற்றிலும் இருக்கும் சக்தியே 45 வாட்ஸ்தான். அதையும் முழுசாக எடுக்க முடியாது. எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பதை ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1919-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். பெரிய மெஷின்கள் அந்த எல்லைக்கு ஓரளவு நெருங்கும். சின்னச் செங்குத்து மெஷின்கள் பெரும்பாலும் 15, 20 சதவீதத்தில் நின்றுவிடும். ஆக 45 வாட்ஸில் கைக்கு வருவது 7, 8 வாட்ஸ். ஒரு எல்இடி பல்பு. அதே மெஷின் 600 வாட்ஸ் தர வேண்டுமானால் காற்று விநாடிக்கு 16 மீட்டராவது வீச வேண்டும். மரம் முழுசாக ஆடும், ஆள் எதிர்த்து நடக்கச் சிரமப்படும் காற்று அது. வெட்டூர்ணிமடத்தில் வருஷத்தில் எத்தனை நாள் அப்படி வீசும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரியும்.

இரண்டாவது, அந்த மாடி நிற்கும் இடம். கிழக்கே நாலு தென்னை, மேற்கே பக்கத்து வீட்டு மூணு மாடி, கூடவே அவர்கள் தண்ணீர்த் தொட்டி. ஒரு பழைய சேலையில் கை நீளத்துக்கு நாடா கிழித்து, காத்தாடிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பைப்பில் கட்டித் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். நாடா ஒரு பக்கமாக நீண்டு பறந்தால் நல்ல காற்று. இங்கே அது சுருண்டது, கீழே தொங்கியது, திடீரென்று எதிர்ப்பக்கம் அடித்தது. வாய்க்காலில் ஒரு கல் கிடந்தால் அதன் பின்னால் தண்ணீர் சுழல்வது மாதிரிதான் கட்டடத்துக்குப் பின்னால் காற்றும். அந்தச் சுழலில் மெஷின் சுற்றும், ஆனால் வேலை செய்யாது. பேரிங்தான் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது சங்கதியை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. கம்பத்தைக் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். காற்று கொஞ்சம் கூடினால் ஒரு முனகல் கான்கிரீட் வழியாகக் கீழே இறங்கும். அந்த மூலைக்கு நேர் கீழே பிள்ளைகள் படிக்கும் அறை. போல்ட்டைச் சுற்றிப் பூச்சில் தலைமுடி அளவுக்கு வெடிப்பும் வந்திருந்தது. மழைக்காலத்தில் அதன் வழியே தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்தோம், முனகல் குறைந்தது, போகவில்லை. கடைசியில் கழற்றி இறக்கச் சொன்னேன், இறக்கிவிட்டார். விற்றவர்களிடம் கேட்டதற்கு, காற்று குறைவாக இருந்தால் தங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வாங்கும் முன் அந்த இடத்துக் காற்றைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதவர்கள் அப்படிச் சொல்வது சரியில்லை. 42,000 ரூபாய் கொடுத்த வீட்டுக்கு அது சின்னத் தொகை கிடையாது.

இனி தோட்டத்துக் காத்தாடி. இதைப் பற்றி எழுத மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

அண்ணன் மகனுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் பிச்சியும் கொஞ்சம் அரளியும். பூ வேலைக்கு நேரம் காலம் கிடையாது. விடிவதற்கு முன்னே பறித்துத் தோவாளைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பூவை நிறுத்துக் கட்டும் கொட்டகைக்கு வெளிச்சம், ஒரு ஃபேன், மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கு சார்ஜ், வேலைக்கு வருபவர்களின் போன் சார்ஜ், கேமரா ஒன்று. தோட்டத்துக்கு இன்னும் கரண்டு இணைப்பு வரவில்லை. கரண்டு கம்பம் இருக்கும் இடமும் தூரம். ஏற்கெனவே 500 வாட்ஸ் சோலார் வைத்திருந்தான். ஆனி, ஆடியில் மேகம் மூடும் நாட்களில் அது பற்றவில்லை. அந்த மாதங்களில்தான் கணவாயில் காற்று பேயாக அடிக்கிறது. அதனால் அவன் காத்தாடி பக்கம் யோசித்ததில் நியாயம் இருக்கிறது.

கணவாயை அறியாதவர்களுக்காக ஒரு வரி. மேற்குத் தொடர்ச்சி மலை மகேந்திரகிரிக்குத் தெற்கே இறங்கி ஆரல்வாய்மொழியில் வாய் திறக்கிறது. அரபிக்கடல் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு நெல்லைச் சீமைக்குப் பாய்கிறது. இடவப்பாதி, அதாவது வைகாசி நடுவில் பருவமழை தொடங்கும்போது ஏறும், ஆனி ஆடி ஆவணி முழுக்க நீடிக்கும், புரட்டாசியில் இறங்கும். 1980-களில் தொடங்கி இந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தல் முழுக்க மெஷின் வந்தது. அதே மாவட்டம்தான் குலசேகரமும் திருவட்டாறும். ஆனால் அங்கே மலை மறைப்பும் ரப்பர் தோட்டமும், காற்று மரத்துக்கு மேலேயே போய்விடும். கன்னியாகுமரி, லீபுரம், மணக்குடி கடற்கரையில் கடல்காற்று உண்டு, ஆனால் கணவாய்க் காற்றோடு அதை ஒப்பிட முடியாது. மாவட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் நிலம் எங்கே, மேற்கே திரும்பி நின்றால் என்ன மறைக்கிறது, இதுதான் கேள்வி.

அவன் வாங்கியது படுக்கை அச்சு வகை, மூன்று இறக்கை, இறக்கை வட்டத்தின் விட்டம் 2 மீட்டர், பின்னால் வால். பெயர்ப்பலகையில் 1000 வாட்ஸ். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் விநாடிக்கு 12.5 மீட்டர் என்று இருந்தது. அந்தச் சின்ன எழுத்துதான் விஷயமே. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால்தான் அந்த 1000. காற்று அதில் பாதியாக, 6.25 மீட்டராக இருந்தால் 125 வாட்ஸ்தான் வரும். 5 மீட்டரில் 60 வாட்ஸ் வந்தால் பெரிது. நான் டிஸ்பிளேயையும் காற்றுமானியையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய அப்படியேதான் காட்டியது. அந்த வகையில் மெஷின் ஏமாற்றவில்லை, சொன்னதைச் செய்கிறது.

அவன் தினமும் யூனிட்டைப் பூக்கணக்கு நோட்டிலேயே குறித்து வைக்கிறான். ஆடியில் நல்ல நாளில் 5, 6 யூனிட். ராத்திரி முழுக்க ஓடுவதால் விடியற்காலை மூன்று மணிக்குக் கொட்டகையில் பேட்டரி நிறைந்து நிற்கும். புரட்டாசி கழிந்தால் விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அரை யூனிட்கூடத் தேறாத நாட்கள்தான் அதிகம். தை, மாசியில் வாடைக்காற்று கொஞ்சம் கைகொடுக்கும். வருஷம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டேகால் யூனிட் போல. ஆண்டுக்கு 800-இலிருந்து 850 யூனிட். இது இந்தியாவிலேயே பெயர் பெற்ற காற்றுக் கணவாயின் ஓரத்தில், திறந்தவெளியில், நாற்பது அடி உயரத்தில் வந்த கணக்கு. மற்ற ஊர்க்காரர்கள் இதைவிடக் குறைத்தே எதிர்பார்க்க வேண்டும்.

இதைப் பணமாக மாற்றிப் பார்ப்போம். மெஷின், கன்ட்ரோலர், 12 மீட்டர் டவர், டவரைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கை வயர், அஸ்திவாரம், நட்டுக் கொடுத்தது எல்லாம் சேர்த்து அவனுக்கு 1,60,000 ரூபாய். பேட்டரி தனி. யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் 850 யூனிட்டுக்கு வருஷத்துக்கு 4,250 ரூபாய். போட்ட பணம் திரும்ப முப்பத்தேழு வருஷம். 8 ரூபாய் என்று வைத்தாலும் இருபது வருஷம் தாண்டும். நம் மாநிலத்தில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் வேறு. அளவாகச் செலவழிக்கும் வீட்டில் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? ஆகவே கரண்டு இணைப்பு உள்ள வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் கட்டிவராது. அண்ணன் மகனுக்குக் கட்டிவருகிறது, ஏனென்றால் அவன் ஒப்பிடுவது இ.பி. கரண்டோடு இல்லை. ஜெனரேட்டருக்கு ஊற்றும் பெட்ரோலோடு. பெட்ரோல் ஜெனரேட்டரில் ஒரு யூனிட் எடுக்க அரை லிட்டர் போல ஆகும். அந்தக் கணக்கில் அவனுக்கு நாலைந்து வருஷத்தில் பணம் திரும்பிவிடும்.

சோலாரோடு ஒப்பிட்டால்? 1 கிலோவாட் சோலார் நம் பக்கம் ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும், இந்தக் காத்தாடியைப் போல இரண்டு மடங்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது கூரைச் சோலாருக்கு மட்டும், காத்தாடிக்குக் கிடையாது. சோலாரில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. வாரம் ஒரு தடவை துடைத்தால் போதும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு இணைத்த சோலார், கரண்டு போனால் தானும் நின்றுவிடும். மின்தடைக்காகத்தான் போடுகிறீர்கள் என்றால் பேட்டரியோடு சேர்த்துப் போடுங்கள்.

தோட்டத்து மெஷினில் எனக்குப் பிடித்தது டவர். அடியில் கீல் வைத்து, இரண்டு பேர் வின்ச் போட்டுச் சாய்க்கும்படி செய்திருக்கிறார்கள். பெரிய மெஷினில் ஏறி வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன், வீட்டுக் காத்தாடியில் ஏறி வேலை செய்யும் நிலைமை வரவே கூடாது. ஒல்லி டவரில் பெல்ட் மாட்ட இடம் இருக்காது, மேலே இறக்கை திடீரென்று திரும்பும். சாய்க்க முடியாத டவரை யார் விற்றாலும் வாங்காதீர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் மின்கம்பமும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு பல நாள் இருட்டில் கிடந்ததால்தான் பலருக்கும் சொந்தமாகக் கரண்டு வேண்டும் என்ற எண்ணமே வந்தது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படி ஒரு புயல் வருகிறது என்றால் முதல் நாளே காத்தாடியைப் படுக்க வைத்துவிட வேண்டும்.

பிடிக்காதது கேபிள். மெஷின் 24 வோல்ட். 1000 வாட்ஸ் என்றால் 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். டவரிலிருந்து கொட்டகை வரை இழுத்த கேபிள் அதற்குப் போதாது. பலத்த காற்றில் கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. காற்று கொடுத்ததில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகப் போகிறது. தடித்த கேபிள் போடச் சொல்லி மாற்றினோம். புதிதாக வாங்குபவர்கள் 48 வோல்ட்டாகக் கேளுங்கள், ஆம்பியர் பாதியாகும்.

பிரேக் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சின்ன மெஷின்களில் பிரேக் என்பது ஒரு சுவிட்ச். ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று வயரையும் ஒன்றாகச் சேர்த்து ஷார்ட் செய்யும், இறக்கை மெதுவாகும். காற்று குறைவாக இருக்கும்போது போட்டால் நன்றாக நிற்கும். ஆடிக்காற்று உச்சத்தில் இருக்கும்போது போட்டால் நிற்காமலும் போகலாம், ஜெனரேட்டரின் கம்பிச்சுருள் கருகவும் கருகலாம். அதனால் காற்று தணியும் நேரம் பார்த்துப் போட வேண்டும். பலத்த காற்றில் வால் மடங்கி இறக்கை ஓரமாகத் திரும்பிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவன் மெஷினில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு ராத்திரி நான் அங்கே இருந்தபோது காற்று ஏறியதும் வால் கீல் கிறீச்சிட்டு மடங்கியது, இறக்கையின் இரைச்சல் இறங்கியது, பேட்டரி நிறைந்துவிட்டதால் கன்ட்ரோலர் மிச்சக் கரண்டை டம்ப் லோடுக்குத் தள்ளியது. டம்ப் லோடு என்பது ஒரு ஹீட்டர் சுருள். அது தொட முடியாத சூட்டில் இருந்தது. அவர்கள் அதைப் பூக்கூடைகள் அடுக்கும் மூலையில் மாட்டி வைத்திருந்தார்கள். மறுநாளே வெளிச்சுவருக்கு மாற்ற வைத்தேன். "சித்தப்பா, அதுவும் நல்லதுக்குத்தான், இங்க மழைக்காலத்துல சாக்கு காயப் போடலாம்" என்றான். சாக்கு ஓலை எதுவும் அதன் பக்கம் போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பராமரிப்பு வேலை இருக்கிறது, இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடவப்பாதிக்கு முன் ஒரு தடவை, சீசன் முடிந்து ஒரு தடவை சாய்த்து, இறக்கை போல்ட், கை வயரை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள், வால் கீல், பேரிங் எல்லாம் பார்க்க வேண்டும். கணவாய்க் காற்றில் மணல் வரும், இறக்கையின் முன் விளிம்பு சொரசொரப்பாகிவிடும். அப்படி ஆனால் யூனிட் குறையும், சத்தம் கூடும். கடற்கரைக்காரர்களுக்கு மணலைவிட உப்பு மோசம். முட்டம், குளச்சல் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியே எப்படி உதிர்கிறது என்று பாருங்கள். அங்கே சூடாக முக்கியெடுத்த துத்தநாகப் பூச்சுள்ள டவரும், ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். துலாம் மாதத்து, அதாவது ஐப்பசி இடிக்கு டவருக்கு நல்ல எர்த் கட்டாயம் வேண்டும்.

உயரத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். "மாடியே முப்பது அடி இருக்கே, அதுக்கு மேல பத்தடி பைப் போதாதா?" போதாது. சுற்றிலும் ஐந்நூறு அடி தூரத்துக்குள் இருக்கும் உயரமான மரம், கட்டடம் எதுவோ, அதற்கு மேலே இன்னும் முப்பது அடி இருக்க வேண்டும் இறக்கை. இது உலகம் முழுக்க இந்தத் தொழிலில் கடைப்பிடிக்கும் விதி. நம் ஊரில் தென்னை அறுபது அடி நிற்கும். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு என்றால் தொண்ணூறு அடி டவர் வேண்டும். அந்தச் செலவில் காத்தாடி விலை ஒன்றுமே இல்லாமல் போய்விடும். முப்பந்தலில் பழைய 225 கிலோவாட் மெஷின்களுக்கே இறக்கை வட்டம் 27 மீட்டர் விட்டம். அண்ணன் மகனுடையதைப் போல நூற்று எண்பது மடங்கு பரப்பு, அதுவும் நூறு அடிக்கு மேலே நின்று காற்றை வாங்குகிறது. அதைப் பார்த்து நம் மாடியில் ஒன்று ஓடாதா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் நிலம் கணவாய்ப் பக்கம் திறந்து கிடக்கிறது, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு காற்றுமானி வாங்குங்கள். டவர் நிற்கப்போகும் இடத்தில் ஜிஐ பைப் நட்டு, முடிந்த அளவு உயரத்தில் கட்டி, ஆடியில் மட்டும் பார்க்காமல் ஐப்பசியிலும் தையிலும் பாருங்கள். காற்றுமானி இல்லாதவர்கள் மரத்தைப் பார்க்கலாம். இலையும் சிறு கொப்பும் ஓயாமல் ஆடி, சின்னக் கொடி நீண்டு பறந்தால் 4, 5 மீட்டர். தூசியும் காகிதமும் எழும்பி, சிறு கிளைகள் ஆடினால் 6, 7 மீட்டர். இந்த இரண்டாவது நிலை வருஷத்தில் நாலு மாதமாவது பகலும் இரவும் நீடிக்காத இடத்தில் பணம் போடாதீர்கள்.

பிறகு விற்பவரிடம் வாட்ஸைக் கேட்காதீர்கள். இறக்கை வட்டத்தின் விட்டம் என்ன, விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் எத்தனை வாட்ஸ் என்று கேளுங்கள். ஐஇசி 61400-2 என்ற சின்னக் காத்தாடித் தரத்துக்குச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றுசக்தி நிறுவனம், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அந்தக் கயத்தாற்றில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. சின்னக் காத்தாடிகளையும் அங்கே ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் நடக்கும் சோதனை, நம் காற்றுக்கு ஒத்த காற்று. அப்படி ஒரு காகிதத்தைக் காட்ட முடியாதவர் வெறும் பெயர்ப்பலகையைத்தான் விற்கிறார்.

மெஷினுக்கு உத்தரவாதம் எத்தனை வருஷம், இறக்கை உடைந்தால் ஒற்றை இறக்கையாகத் தருவார்களா அல்லது எடை சமன் பார்த்த மூன்றையும் சேர்த்துத் தருவார்களா, பழுது பார்க்க ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு இறக்கையை மட்டும் மாற்றினால் எடை ஒத்துப்போகாமல் மெஷின் உதறும், ஒரே சீசனில் பேரிங் போய்விடும். அண்ணன் மகன் மூன்று இறக்கையும் ஒரு செட் கூடுதலாக வாங்கிக் கொட்டகைப் பரணில் போட்டிருக்கிறான். 9,000 ரூபாய் ஆனது. ஆடி நடுவில் இறக்கை உடைந்து, பார்சல் வர மூன்று வாரம் காத்திருந்தால் அந்த வருஷத்து யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் அந்தச் செலவு சரியான செலவுதான்.